துரு தடுக்கும் முறை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அட்டைப்பெட்டிக்குள் நாலாக மடித்து ஒரு தாள் வைப்பார்களே, பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று, அதிலிருந்து வந்தது.

அந்தத் தாள்களைத் தமிழில் எழுதுவதுதான் என் பிழைப்பு. பிரஷர் குக்கர், கொசு பேட், முழங்கால் பெல்ட் என்று எல்லாவற்றுக்கும் எழுதியிருக்கிறேன். நீங்கள் என் எழுத்தை நிச்சயம் கையில் எடுத்திருப்பீர்கள். பிரிக்காமல் குப்பையில் போட்டிருப்பீர்கள். வருத்தமில்லை, நானும் அதைத்தான் செய்கிறேன். இடையிடையே கதைகளும் எழுதுவேன். அவற்றைப் படித்துவிட்டு ஃபோன் செய்கிற வாசகர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவர் குக்கர் தாளையும் விடாமல் படிப்பவர். “அண்ணே, நாலு எடத்துல விசில்னு போட்டிருக்கீங்க, அஞ்சாவது எடத்துல ஊதல்னு இருக்கே, அது வேற சாமானா?” என்று கேட்டவர்.

போன மாதம் விளையாட்டுச் சாமான் விற்கும் ஒரு கம்பெனி, வட்டெறிதல் போட்டியில் எறிகிற டிஸ்கஸ் வட்டுக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னது. தெரியாதவர்களுக்காக: வட்டின் நடுப்பகுதி மரமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கும், சுற்றிலும் எஃகு வளையம். வளையத்தின் மேல்பூச்சு தரையில் மோதி மோதிப் போய்விட்டால் உள்ளே இருக்கும் வெறும் எஃகு வெளியே தெரியும். அது துருப்பிடிக்காமல் எப்படிக் காப்பது என்பதுதான் விஷயம். எழுத ஆரம்பித்தேன்.

“விளிம்பில் படிந்த வியர்வையையும் ஈர மண்ணையும் உலர்ந்த துணியால் துடைக்க—”

அதோடு நின்றுவிட்டது. ‘துடைக்கவும்’ என்று முடிக்கக் கை வரவில்லை. எங்கள் வீட்டில் இப்போது அந்தச் சொல்லைப் புழங்க முடியாது. முப்பது வருடப் பழக்கமுள்ள இரண்டு பெண்கள், ஒரு வட்டின் விளிம்பைத் துடைக்காததால் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அதில் ஒருத்தி என் மனைவி. அவர்கள் மறுபடி பேசுவார்களா என்பதைத் தவிர இந்தக் கதையில் வேறு எதுவும் இல்லை. பெரிதாக எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்கும் களைப்பாகத்தான் இருக்கிறது.

2

முதல் தொடக்கம்: “கண்மாய் நிறைந்து வழிந்த அந்தக் கார்காலக் காலையில், கரையோரம் இரண்டு பெண்கள்—”

வேண்டாம். கண்மாய் நிறையவில்லை. பாதிதான் இருந்தது.

இரண்டாவது தொடக்கம்: “செண்பகவல்லியும் நூர்ஜஹானும் (பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன) கல்லூரிக் காலத்திலிருந்தே—”

இந்த இடத்தில் என் தோளுக்குப் பின்னால் ஈரத் தலையோடு ஒருத்தி வந்து நின்றாள்.

“யாருங்க அந்தச் செண்பகவல்லி?”

“நீதான்.”

“என் பேருக்கு என்ன கொறைச்சலாம்?”

“கதையில பேர மாத்துறதுதான் வழக்கம்.”

“ஊருக்கே தெரிஞ்ச சண்டைக்குப் பேர மாத்தி என்ன செய்யப் போறீங்க? எழுதுனா எங்க பேரப் போட்டு எழுதுங்க. இல்லைன்னா மூடி வைங்க.”

ஆகவே: பாண்டிமீனா, என் மனைவி. திருப்பரங்குன்றத்தில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். சாயிரா பானு, அவள் சிநேகிதி. கோரிப்பாளையத்தில் தையல் கடை வைத்துப் பள்ளிச் சீருடை தைக்கிறாள். இருவரும் கல்லூரி அணியில் வட்டெறிந்தவர்கள். இப்போது மூத்தோர் தடகளப் போட்டிகளில் ஒரே வயதுப் பிரிவில் ஒருவரையொருவர் எதிர்த்து எறிகிறார்கள். எறிவது ஒரே வட்டை. இவள் எறிந்ததை அவள் எடுத்து வந்து எறிவாள்.

3

அந்த வட்டு கல்லூரியை விட்டுக் கிளம்பும்போது அவர்களுக்குக் கிடைத்தது. “பழசுதான், ரெண்டு பேருல யாராவது வச்சுக்கங்க” என்று விளையாட்டு ஆசிரியை கொடுத்தாராம். யார் வைத்துக்கொள்வது என்று முடிவாகவே இல்லை. அதனால் மாதத்துக்கு ஒருத்தி. மாதத்தின் முதல் ஞாயிறு இருவரும் கண்மாய்ப் பக்கத்து மைதானத்தில் எறிந்துவிட்டு, போகும்போது வட்டைக் கை மாற்றிக்கொள்வார்கள். கல்யாணம், பிள்ளைப்பேறு, ஊரடங்கு எல்லாம் வந்து போயின. வட்டு மாதாமாதம் வைகையைத் தாண்டி வடக்கே போய்க்கொண்டும் தெற்கே வந்துகொண்டும்தான் இருந்தது. இடையில் ஏதாவது ஒரு நல்ல நாள் வந்து ஒரு வாரம் தள்ளிப்போனால் அதற்காக யாரும் கணக்குப் பார்த்ததில்லை.

[‘முறை’ என்ற சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம். துரு தடுக்கும் முறை என்றால் வழி. இந்த மாதம் யார் முறை என்றால் வரிசை. அவர் உங்களுக்கு என்ன முறை வேணும் என்றால் உறவு. சாயிரா என்னை அண்ணே என்பாள். அந்த முறையில் அவள் கணவர் சேக் இஸ்மாயில் எனக்கு மாப்பிள்ளை, நான் அவருக்கு மச்சான். யாரும் உட்கார்ந்து தீர்மானித்ததில்லை. ஒருத்தி ஒருநாள் அண்ணே என்று கூப்பிட்டாள், மற்றதெல்லாம் தானாக அமைந்துவிட்டது.]

சாயிரா முறை என்றால் வட்டு பளபளவென்று வரும். தையல் மிஷினுக்கு எண்ணெய் விடும்போதெல்லாம் அதே எண்ணெயில் ஒரு சொட்டைத் துணியில் தொட்டு விளிம்பைச் சுற்றி ஒரு இழு இழுத்துவிடுவாள். எறியும் முன் உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் விரலில் வழுக்கும். கம்பெனி அனுப்பிய ஆங்கிலத் தாளிலும் இதேதான் இருக்கிறது, கொஞ்சம் நீட்டி முழக்கி.

4

இனி ஆயுத பூஜை.

ஸ்கூட்டர் சொல்லிக்கொடுக்கிறவள் வீட்டு ஆயுத பூஜை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வண்டிகளைக் கழுவி, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, ஒரே அமர்க்களம். ஸ்பானர், காற்றடிக்கும் பம்ப் வரிசையில் வட்டும் இருந்தது. விளிம்பு நெடுகச் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம், நடுவில் குங்குமம் தடவிய அரை எலுமிச்சை. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது.

மற்ற வருடங்களில் விஜயதசமியன்று அவளே துடைத்து எண்ணெய் போட்டுவிடுவாள். இந்த வருடம் அன்றைக்கென்று புதிதாக ஸ்கூட்டர் கற்க வந்து சேர்ந்த பெண்கள் வாசலில் நின்றார்கள். சாயிராவும் வட்டை வாங்க வந்துவிட்டாள். மீனா பழத்தை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு, பொட்டோடு வட்டைத் துணிப்பையில் போட்டுக் கொடுத்துவிட்டாள். “தொடச்சுக்கடி” என்று சொன்னாளா? சொன்னதாக அவள் சொல்கிறாள். வாசலில் ஹாரன் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள், யாருக்கு என்ன கேட்டிருக்கும்?

[பெட்டித் தாளில் போட முடியாத விவரம்: எலுமிச்சைச் சாறு விளிம்பில் வழிந்தால் இருக்கிற எண்ணெய்ப் படலத்தை விலக்கிவிட்டு எஃகைத் தின்னும். சந்தனக் குழம்பு காயாமல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே குங்குமம் வேறு. அடியில் துரு கிளம்பினால் அதுவும் அதே நிறம். ஆங்கிலத்தில் தாள் எழுதியவருக்கு இப்படி ஒரு ஆபத்து உண்டென்று தோன்றியிருக்காது.]

பிறகு மழை. மைதானத்தில் கால் வைக்க முடியவில்லை. வட்டு பையிலேயே இருந்தது.

5

மழைவிட்டு அவர்கள் சந்தித்த ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தேன். டீ பிளாஸ்க்கைக் காவல் காப்பது என் வேலை. அதனால் இதைக் கற்பனை செய்ய வேண்டிய கஷ்டம் எனக்கு இல்லை. கற்பனையாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாயிரா பையைத் திறந்து, வட்டைப் பூ மாதிரி இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள். மீனா வாங்கி விளிம்பில் விரலை ஓட்டினாள். விரல் சிவந்தது.

“என்னடி இது?”

“நீ வச்ச குங்குமம்தான்.”

“குங்குமமா? மோந்து பாரு. துருடி! சொரசொரன்னு கெடக்கு. எண்ணெய் போடலையா நீ?”

“இல்ல மீனா, அது மேல எப்படி...”

“துணிய வச்சு ஒரு இழுப்பு. அம்புட்டுத்தான? வருசம் பூரா போடுறவ இப்ப மட்டும் என்ன?” கொஞ்சம் நிறுத்தினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். “ஏன், உங்க வீட்டுல இதையெல்லாம் தொட மாட்டீங்களோ?”

‘தொட மாட்டியோ’ என்று கேட்டிருந்தால் அது சண்டை. அன்றைக்கே ஆறியிருக்கும். ‘மாட்டீங்களோ’ என்றாள். என்னிடம் அவள் நாள் முழுக்கப் பேசுவது அந்த ‘ங்க’தான், எனக்குக் காது மரத்துப்போயிற்று. சாயிராவிடம் அதை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ஒருத்தியை ‘நீ’யிலிருந்து எடுத்து ஒரு கூட்டத்தில் கொண்டுபோய் நிறுத்த ஒரு ‘ங்க’ போதும்.

சாயிரா துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டாள். “சரி. நான் போறேன்” என்றாள்.

இந்த ஊரில் யாரும் போறேன் என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. வாரேன் என்றுதான் சொல்வோம். அவள் ஸ்கூட்டரைக் கிளப்பும்வரை நான் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

6

இதுவரை எழுதியதை மீனா படித்தாள். தன்னைப் பற்றிய இடங்களில் ஒன்றும் சொல்லவில்லை. சாயிராவைப் பற்றித்தான் ஆட்சேபம்.

“இது சாயிராவே இல்லைங்க. ஏதோ பொறுமைசாலி மாதிரி துப்பட்டாவுல கையத் தொடச்சுக்கிட்டுப் போறா.”

“அன்னைக்கு அப்படித்தானே போனா?”

“போனா. ஆனா அவ அப்படிப்பட்டவ இல்லை. அதையும் எழுதுங்க.”

எழுதுகிறேன். ஒரு போட்டியில் சாயிராவின் வட்டு விழுந்த இடத்தை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி அளந்துவிட்டார்கள். அவள் போய் வட்டு குழி பறித்த இடத்திலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டாள். “அளந்தா என் காலுக்குக் கீழ அளங்க. இல்லைன்னா என்னையும் சேத்து அளங்க” என்றாள். வெயிலில் மொத்தப் போட்டியும் நின்றது. கடைசியில் அவள் காலுக்குக் கீழேதான் அளந்தார்கள். இதில் வேடிக்கை, அந்த அளவால் இரண்டாம் இடத்துக்குப் போனவள் மீனா. அவள்தான் சாயிராவுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்படிப்பட்டவள் அன்றைக்கு ஏன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் கதையை நகர்த்த முடியவில்லை. பாத்திரத்தின் மனதுக்குள் புகுந்து பார்க்கலாம் என்பார்கள். சாயிராவின் மனதுக்குள் புகுகிற தைரியம் எனக்கில்லை.

இதற்கிடையில் மீனா செய்த காரியத்தையும் சொல்ல வேண்டும். அன்று வீட்டுக்கு வந்ததும் உப்புத்தாளை எடுத்தாள். கோபத்தில் தேய் தேய் என்று தேய்த்தாள். துரு போய் வெகு நேரமான பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எனக்கு ஒரு சந்தேகம் வந்து, முக்குக் கடை அண்ணாச்சியின் தராசில் வட்டை வைத்துப் பார்த்தேன். ஏற்கனவே தரையில் பட்டுத் தேய்ந்த கிழட்டு வட்டு அது. இந்தத் தேய்ப்பில் ஒரு கிலோவுக்குக் கீழே இறங்கிவிட்டது. கிலோ இல்லாத வட்டைப் போட்டியில் சேர்க்க மாட்டார்கள்.

“இந்தச் சாமான் இனி ஆகாதுங்களா?” என்று அண்ணாச்சி கேட்டார். தெரியவில்லை என்றேன்.

7

கோரிப்பாளையம் போனேன். பேன்ட் நீளத்தைக் குறைக்க வேண்டும் என்று ஒரு காரணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, தையல் கடை இருக்கும் தெருமுனை வரைக்கும் போனேன். மிஷின் சத்தம் கேட்டது. அதற்கு மேல் கால் வரவில்லை. திரும்பி வந்து மெயின் ரோட்டில் சேக் இஸ்மாயிலின் டயர் கடையில் உட்கார்ந்தேன்.

“வாங்க மச்சான்” என்றார். கையில் இருந்த பேன்ட்டைப் பார்த்தார். “இது ரெண்டு வருசமா இதே நீளந்தான? இன்னைக்கா தரையில இடிக்குது?”

“மாப்ள, என்னதான் நடந்துச்சு?”

அவர் டீ சொன்னார். டீ வந்து பாதி குடித்ததும் ஆரம்பித்தார்.

“வீடு மௌத்து விழுந்த வீடு மாதிரி கெடக்கு மச்சான். ஒண்ணும் பேச மாட்டேங்குறா. அந்தப் பைய பீரோ மேல வச்சிருந்தா. ஒருநா ஒட்டடை அடிக்கையில நான் நவுத்தப் போனேன். ‘ஈரக் கைய வைக்காதீங்க, பொட்டு அழிஞ்சிரும்’னு கத்துறா. எண்ணெய் போடலையான்னேன். ‘போட்டா மீனா வச்சது கலைஞ்சு போயிரும். சாமிக்கு வச்சது, நான் அழிக்கக் கூடாது. அவளே வந்து தொடச்சுக்கட்டும்’ங்குறா. பொத்திப் பொத்தி வச்சிருந்தா மச்சான். பச்சப் புள்ளைய வச்ச மாதிரி.”

“இத மீனாகிட்ட அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“நானும் அதத்தான் கேட்டேன். ‘நான் தொடாம இருந்தது நெசந்தான? இனி என்ன சொன்னாலும் அவ காதுல அப்படித்தான விழும்?’னுட்டா.”

ஒரு லாரி டயர் வந்தது. அவர் எழுந்து போனார்.

[எத்தனையோ கதை எழுதியிருக்கிறேன். திருப்பம் என்று இதுவரை நான் எழுதியதெல்லாம் வெறும் சாமர்த்தியம் என்று பேருந்தில் வரும்போது தோன்றியது. பேன்ட்டை டயர் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.]

8

மீனாவிடம் சொன்னேன். அப்படியே, ஒரு சொல் கூட்டாமல்.

வாசலில் நின்ற ஸ்கூட்டர் மேல் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் பக்கத்தில் நின்றேன். அழுதாள். சத்தம் போட்டு அழுகிறவள் இல்லை. அன்று அழுதாள்.

“நான் அப்படி நெனச்சுச் சொல்லலைங்க.”

“தெரியும்.”

“நெனைக்காம எங்கிட்டு இருந்துங்க வந்துச்சு அந்தப் பேச்சு? எங்கப்பன் பேசுனதில்ல, எங்கம்மா பேசுனதில்ல. இப்பத்தான் ஃபோனத் தொறந்தா, வண்டியில ஏறுனா, எங்கிட்டுப் பாத்தாலும் இதையே பேசுறாய்ங்க. கேட்டுக் கேட்டு என் வாயிலயும் ஒட்டிருச்சா?”

ஃபோன் பண்ணச் சொன்னேன். பண்ணினாள். மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டாள். “எடுத்துட்டா என்ன சொல்றது?” என்றாள். மன்னிப்புக் கேட்பதற்கு அவர்களுக்குள் பழக்கமில்லை. முப்பது வருடத்தில் அதற்குத் தேவை வரவில்லை.

ஆகவே முடிவுகளைப் பார்ப்போம்.

(அ) அடுத்த ஞாயிறு மைதானத்தில் மீனா தனியாக நிற்கிறாள். தூரத்தில் ஒரு ஸ்கூட்டர் சத்தம். சாயிரா, கையில் மிஷின் எண்ணெய் பாட்டிலோடு—

“அவ எதுக்குங்க வரணும்? தப்புப் பேசுனது நானு” என்றாள் மீனா. அடித்துவிட்டேன்.

(ஆ) மூத்தோர் போட்டி. மைதானத்தில் கொடுக்கும் வட்டை வாங்கி இருவரும் தனித்தனியாக எறிகிறார்கள். நல்லா இருக்கீங்களா என்று விசாரித்துக்கொள்கிறார்கள். இருவரும் நல்லா இருக்கிறோம் என்கிறார்கள்.

இது நடக்கக்கூடியது. அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

(இ) மீனா நேரே கோரிப்பாளையம் போய்த் தையல் கடை வாசலில் நின்று—

“நின்னு?” என்றாள் மீனா.

“நீ சொல்லு. நின்னு என்ன செய்வே?”

அவள் உள்ளே போய், சாயிரா எப்போதோ கொடுத்திருந்த சின்ன எண்ணெய் பாட்டிலைத் தேடி எடுத்தாள். அடியில் கொஞ்சம் இருந்தது. துணியில் தொட்டு விளிம்பைச் சுற்றி ஒரு இழு இழுத்தாள். மெதுவாக. வட்டைப் பழைய பருத்திச் சேலைத் துண்டில் சுற்றி மேசைமேல் என் தாள்களுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“அந்தக் கம்பெனித் தாள முடிச்சிட்டீங்களா?”

“இல்ல.”

“முடிங்க. ஒண்ணு ரெண்டு நான் சொல்றேன், அதையும் சேத்துக்கங்க. அவதான் நீங்க எழுதுறது ஒண்ணு விடாமப் படிப்பாளே.”

9

தாளை முடித்துவிட்டேன். கடைசி இரண்டு வரியைக் கம்பெனி வெட்டிவிடும். இங்கே வெட்ட ஆளில்லை என்பதால் முழுதாகத் தருகிறேன்.

பயன்படுத்திய பின் விளிம்பில் படிந்த வியர்வையையும் ஈர மண்ணையும் உலர்ந்த துணியால் துடைக்கவும். மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். எறியும் முன் எண்ணெயைத் துடைத்துவிடவும். பிளாஸ்டிக் பையில் மூடி வைக்க வேண்டாம். லேசான துருவை உப்புத்தாளால் மெதுவாக எடுக்கலாம். கோபமாக இருக்கும்போது தேய்க்க வேண்டாம், இரும்பும் சேர்ந்து போய்விடும்.

பூஜையில் வைத்தால், பூஜை முடிந்த மறுநாளே பொட்டைத் துடைத்துவிடவும்.

யார் வேண்டுமானாலும் துடைக்கலாம். வைத்தவளைவிட அதற்கு உரிமை உள்ளவரின் வீட்டில் வட்டு இருந்தால், அவர் துடைப்பதே முறை.

இதற்கு மேல் என்னிடம் எழுத எதுவும் இல்லை. முடிவு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எழுத மாட்டேன், அது என் வேலையும் இல்லை. முதல் பக்கத்திலிருந்து வாசகரை ‘நீங்கள்’ என்று கூப்பிட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். கடைசியில் அந்த ‘ங்க’ எனக்கே பிடிக்காமல் போய்விட்டது, எடுத்துவிடுகிறேன்.

சாயிரா, இதைப் படிக்கிறாய் என்று தெரியும். எழுத்துப் பிழை இருந்தால் ஃபோன் பண்ணிச் சொல்லு. வட்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இனி எந்தப் போட்டிக்கும் ஆகாது, நீயும் மீனாவும் மாற்றி மாற்றி எறிவதற்கு மட்டும்தான் ஆகும். சேலைத் துண்டில் சுற்றி மேசைமேல் இருக்கிறது. மீனா வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். துடைத்த வண்டியையே திரும்பத் துடைக்கிறாள்.

இந்த மாதம் உன் முறை.